குசினிக்கு எந்த வெளிச்சம்? செலவு குறைந்த விளக்கைத் தெரிவு செய்வோம்

பொகவந்தலாவைப் பகுதியிலுள்ள தோட்டமொன்றில், லயத்தின் கடைசிக் காம்பராவில் வசிக்கும் சகோதரி ஒருவரின் அனுபவத்தோடு இக்கட்டுரையை ஆரம்பிக்க விரும்புகின்றேன். தனது பெயரைப் போட வேண்டாமென அவர் கேட்டுக்கொண்டார். எனவே அவரை அக்கா என்றே குறிப்பிடுகின்றேன்.

1977 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத வன்செயல்களின் பின்னர் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்று குடியேறிய ஏராளமான குடும்பங்களுள் அக்காவின் பெற்றோரும் அடங்குவர். அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் திருமணம் முடித்ததும் வன்னியிலேதான். 2009 இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் கணவரை இழந்தார். இரண்டு பிள்ளைகளோடு செட்டிகுளத்தில் முகாம் வாழ்க்கை. பின்னர் 2011 இல், தகப்பனின் தங்கையான அத்தையைத் தேடி, தான் அதுவரை கண்டிராத பொகவந்தலாவைக்கு வந்து சேர்ந்தார். கொழுந்து பறிக்கப் பழகிக்கொண்டார். பிள்ளைகளும் இங்கேயே படித்தார்கள்.

நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனபோது, முன் காம்பராவில் மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் பின்பக்கம் தகரத்தால் இறக்கிக் கட்டிய குசினியில் குப்பி விளக்கு. அக்கா விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து அந்த வெளிச்சத்தில்தான் ரொட்டி சுட்டு, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி, ஆறரைக்கெல்லாம் பெரட்டுக்குப் போவார். சுவர் முழுவதும் புகை படிந்து கறுத்திருந்தது. ஒருநாள் விளக்கு சரிந்து மகளின் பாவாடையில் தீ பிடித்ததையும், தண்ணீர் வாளி பக்கத்தில் இருந்ததால் தப்பியதையும் அத்தை சொன்னார்.

அடுத்த முறை போகும்போது நான் ஒரு மின்குமிழ் வாங்கிக்கொண்டு போனேன். கடையில் இருந்தவற்றுள் மிகவும் பிரகாசமானது, நீலம் கலந்த வெள்ளை ஒளி தருவது. முன் காம்பராவிலிருந்து குசினிக்கு இணைப்பும் எடுத்துக் கொடுக்கப்பட்டது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு திரும்பினேன்.

இரண்டு கிழமை கழித்துச் சென்று பார்த்தால் மின்குமிழ் கழற்றி அலுமாரியின் மேல் வைக்கப்பட்டிருந்தது. குசினியில் மறுபடியும் குப்பி விளக்கு! எனக்குக் கோபம் வந்தது. "கரண்ட் இருக்கும்போது ஏன் அக்கா இந்தக் குப்பி விளக்கு? பிள்ளைக்கு நெருப்புப் பிடித்தது மறந்துபோச்சா?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

அக்கா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "மிஸ், கோவிக்காதீங்க. அந்த வெள்ள வெளிச்சம் பரா லைட் மாதிரி இருக்குது. சுவிச்சப் போட்டா நெஞ்சு அடிக்குது. பிள்ளைகளை இழுத்துக்கிட்டு எங்கயாவது குனியணும் போல இருக்குது. குப்பி விளக்கு புகைதான், ஆனா பங்கருக்குள்ள அதோடதானே இருந்தோம்."

இரவு வானத்தில் மிதந்து இறங்கும் பரா வெளிச்சம் என்றால் என்ன என்பதை இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதன் பின்னால் என்ன வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. சமூகவியல் படித்த நான், கொடுப்பதற்கு முன்னர் கேட்க வேண்டும் என்ற முதல் பாடத்தை மறந்துபோயிருந்தேன்.

அக்கா கடந்த வருடம் சீட்டுக் காசையும், கொழும்பில் தொழில் பார்க்கும் மகள் அனுப்பிய பணத்தையும் சேர்த்து அந்தக் குசினியைத் திருத்திக் கட்டினார். அப்போது இருவருமாக உட்கார்ந்து விளக்கைப் பற்றி யோசித்தோம். அவருக்குத் தேவைப்பட்டவை மூன்று: செலவு குறைய வேண்டும், ஆபத்து இருக்கக் கூடாது, மனதுக்கு இதமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் என்பதை அப்போது நாங்கள் கற்றுக்கொண்டோம். அதை உங்களோடும் பகிர்ந்துகொள்கின்றேன்.

குப்பி விளக்கு மலிவானதல்ல

யுத்த காலத்தில் வடக்கில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. அப்போது ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரித்தார்கள். அந்த ஒளியில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். அது நம்மவர்களின் கெட்டித்தனம், மறுப்பதற்கில்லை. ஆனால் வேறு வழியின்றிப் பிடித்துக்கொண்ட ஒன்றை, வழி கிடைத்த பின்னரும் விடாமல் வைத்திருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் குப்பி விளக்கு சரிந்து எரிகாயமடைந்தவர்கள் ஏராளம். இவர்களுக்குச் சிகிச்சையளித்துக் களைத்துப்போன அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்கள், 1992 இல் பாதுகாப்பான போத்தல் விளக்கொன்றை உருவாக்கினார். மாமைட் போத்தலைப் போலக் குட்டையானது, பாரமானது. சரிந்தாலும் உருண்டோடாதபடி இரண்டு பக்கம் தட்டையானது. எண்ணெய் கொட்டாதபடி திருகு மூடி கொண்டது. 'சுதீப' என்று பெயரிடப்பட்ட அந்த விளக்குக்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு வைத்தியர் விளக்குச் செய்யப் புறப்பட்டார் என்றால், குப்பி விளக்கு எத்தனை பேரைச் சுட்டிருக்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனிச் செலவைப் பார்ப்போம். 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. அதற்குப் பின்னர் குப்பி விளக்கை ஏழையின் விளக்கு என்று சொல்ல முடியாது. ஒரு திரி விளக்கு தரும் ஒளி சுமார் 10 லுமன் மட்டுமே. லுமன் என்பது வெளிச்சத்தை அளக்கும் அளவு. சாதாரண 9 வோட் எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று சுமார் 800 லுமன் தரும். அதாவது எண்பது குப்பி விளக்குகளை வரிசையாக ஏற்றி வைத்ததற்குச் சமன். புகையும் இல்லை.

ஆறு ஓடுகின்றது நம் வாசலில்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் ஊடாக ஓடும் கெஹெல்கமு ஓயா, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போய்ச் சேருகின்றது. அந்த நீர் 1965 இல் அமைக்கப்பட்ட விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகின்றது. பின்னர் நோட்டன் பிரிட்ஜ் வழியாக, 1950 இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்ஷபான மின்நிலையத்துக்குச் செல்கின்றது. இந்த மலைகளின் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே ஆய்வுரை வாசித்தார். அந்த மின்சாரம் கொழும்புக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே, அதே ஆற்றங்கரையிலிருந்த லயங்கள் பலவற்றுக்கு வெளிச்சம் வந்தது. அவ்வளவு காலம் காத்திருந்து பெற்ற மின்சாரத்தின் ஒவ்வோர் அலகையும் வீணாக்காமல் பாவிப்பது நமக்குத்தான் இலாபம்.

மூன்று வகைக் குமிழ்கள்

முதலாவது, இழை எரியும் பழைய மஞ்சள் குமிழ். உள்ளேயுள்ள மெல்லிய கம்பி சூடேறி ஒளி தரும். அது எடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெப்பமாகவே போய்விடுகின்றது. கைவைத்தால் சுடுவது அதனால்தான். வெளிச்சத்துக்காகப் பணம் கட்டி, பெரும்பாலும் சூட்டையே வாங்குகின்றோம். ஆயுள் ஏறத்தாழ 1,000 மணித்தியாலம்.

இரண்டாவது, சீ.எப்.எல். எனப்படும் வளைந்த வெள்ளைக் குழாய்க் குமிழ். 1990களில் இதை மின்சார சபை மக்களிடையே அறிமுகப்படுத்தியது. 60 வோட் பழைய குமிழின் வெளிச்சத்தை இது சுமார் 14 வோட்டில் தந்துவிடும். ஆனால் இதனுள் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்தால் கையால் அள்ளவோ விளக்குமாற்றால் கூட்டவோ கூடாது. பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவு யன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டு, மட்டையால் அள்ளிப் போத்தலொன்றில் போட்டு மூடிவிட வேண்டும். இன்னும் எரிகின்ற சீ.எப்.எல். குமிழை வீச வேண்டியதில்லை. அது முடியும் வரை பாவித்துவிட்டுப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, எல்.ஈ.டி. மின்குமிழ். அதே வெளிச்சத்தை 8 அல்லது 9 வோட்டில் தரும். பாதரசம் இல்லை. தரமானதென்றால் 15,000 மணித்தியாலத்துக்கும் மேல் உழைக்கும். நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் எரித்தால் எட்டு வருடங்களுக்கு மேல். நீல ஒளி தரும் எல்.ஈ.டி. யைக் கண்டுபிடித்ததாலேயே வெள்ளை ஒளிக் குமிழ் சாத்தியமாயிற்று. அதற்காக ஜப்பானில் பிறந்த அக்காசாக்கி, அமானோ, நகமுரா ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கணக்குப் பார்ப்போமா?

இந்தக் கணக்கு மிக இலகுவானது. குமிழின் வோட்டை, நாளொன்றுக்கு எரியும் மணித்தியாலத்தால் பெருக்கி, முப்பதால் பெருக்கி, 1,000 ஆல் பிரியுங்கள். வருவது மாதத்துக்கான அலகு.

குசினி விளக்கு காலையில் இரண்டு, மாலையில் மூன்று என ஐந்து மணித்தியாலம் எரிகின்றது என வைத்துக்கொள்வோம்.

60 வோட் பழைய குமிழ்: மாதத்துக்கு 9 அலகு.
14 வோட் சீ.எப்.எல்.: 2.1 அலகு.
9 வோட் எல்.ஈ.டி.: 1.35 அலகு.

பழைய குமிழ் ஒன்றை மாற்றினால் மாதம் ஏழரை அலகுக்கு மேல் மிச்சம். வருடத்தில் ஏறத்தாழ 92 அலகு. முன் காம்பராவிலும் மாற்றினால் இரட்டிப்பு.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. நமது வீட்டு மின்கட்டணம் படிமுறையாக ஏறுவது. கடந்த பல ஆண்டுகளாக, மாதம் 60 அலகைத் தாண்டாத வீடுகளுக்கு ஒரு விலையும், தாண்டியவற்றுக்கு முதல் அலகிலிருந்தே வேறு விலையும் போடும் முறை இருந்து வந்துள்ளது. எனவே 64 அல்லது 65 அலகு பாவிக்கும் வீடு, ஒரு குமிழை மாற்றி 60க்குள் வந்துவிட்டால், குறைவது அந்த நாலைந்து அலகின் காசு மட்டுமல்ல, முழுப் பட்டியலுமே இறங்கும். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் அடுத்தடுத்து உயர்ந்தபோது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கிய வீடுகளை நான் அறிவேன். உங்கள் பட்டியலில் எத்தனை அலகு என்று எழுதியிருக்கின்றது, எந்தப் படிக்குள் நிற்கின்றீர்கள் என்பதை ஒவ்வொரு மாதமும் பாருங்கள்.

உண்மையையும் சொல்ல வேண்டும். விளக்கு மட்டுமே கட்டணத்தைத் தீர்மானிப்பதில்லை. 1,800 வோட் மின்கேத்தலைப் பத்து நிமிடம் போட்டால், 60 வோட் குமிழ் ஐந்து மணித்தியாலம் எரிந்த அளவு மின்சாரம் போய்விடும். ஆகவே எல்.ஈ.டி. போட்டுவிட்டோம் என்று கேத்தலில் நிரம்பத் தண்ணீர் வைக்கக் கூடாது. இரண்டு கோப்பைத் தேநீருக்கு இரண்டு கோப்பைத் தண்ணீர் போதும்.

பெட்டியில் என்ன வாசிக்க வேண்டும்?

கடையில் பலரும் கேட்பது, "எத்தனை வோட்?" என்றுதான். வோட் என்பது செலவு, லுமன் என்பதே வெளிச்சம். இரண்டு குமிழ்களும் 9 வோட் என்றால், கூடிய லுமன் உள்ளதே நல்லது. இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் நட்சத்திர அடையாளம் பெட்டியில் இருந்தால் அதையும் பாருங்கள். நட்சத்திரம் கூடக் கூட, குறைந்த மின்சாரத்தில் கூடிய ஒளி என்று அர்த்தம்.

அடுத்து உத்தரவாதக் காலம். பெயரும் முகவரியும் இல்லாத மலிவான குமிழை நடைபாதையில் வாங்கி மூன்று மாதத்தில் வீசுவதைவிட, ஒன்றிரண்டு வருட உத்தரவாதம் தருவதைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது இலாபம். பற்றுச்சீட்டையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. கடையிலேயே எரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

குமிழின் அடிப்பாகத்தையும் கவனியுங்கள். சில வீடுகளில் இரண்டு பின் உள்ள ஹோல்டர், சிலவற்றில் திருகும் ஹோல்டர். வாங்கப் போகும்போது பழைய குமிழைக் கையோடு கொண்டுபோனால் வீண் அலைச்சல் இல்லை.

ஒளியின் நிறம்

அக்காவின் கதையில் முக்கியமான இடம் இதுதான். எல்.ஈ.டி. என்றாலே வெள்ளை வெளிச்சம் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியல்ல. பெட்டியில் கெல்வின் என்ற அளவோடு ஓர் இலக்கம் இருக்கும். 2,700 அல்லது 3,000 என்றால் பழைய குமிழைப் போன்ற இளமஞ்சள் ஒளி. 4,000 என்றால் நடுத்தர வெள்ளை. 6,500 என்றால் நீலம் கலந்த கடும் வெள்ளை. மூன்றும் ஒரே அளவு மின்சாரத்தையே எடுக்கும் என்று சொல்லலாம். நிறத்தைத் தெரிவு செய்வதற்கு மேலதிகச் செலவு இல்லை.

கடும் வெள்ளை ஒளிதான் குசினிக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள். அரிசியில் கல் பொறுக்கவும் கீரையில் பூச்சி பார்க்கவும் நிறத்தைவிட வெளிச்சம் போதுமானதா என்பதே முக்கியம். லுமன் போதுமென்றால் இளமஞ்சள் ஒளியிலும் எல்லாம் தெரியும். யுத்தத்தின் நினைவுகளோடு வாழும் நமக்கு, திடீரென அடிக்கும் வெள்ளை வெளிச்சமோ விட்டுவிட்டு மின்னும் ஒளியோ உடம்பைப் பதறச் செய்யலாம். அது பைத்தியமல்ல, பலவீனமுமல்ல. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பழகிய விதம் அது. அவ்வாறான சகோதரிகள் இளமஞ்சள் ஒளியைத் தெரிவு செய்யலாம். மின்னத் தொடங்கிய குமிழைத் தாமதியாமல் மாற்றிவிடலாம். பதற்றம் தொடர்ந்து நித்திரையையும் தொழிலையும் கெடுத்தால், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் பேசுவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எங்கே பொருத்துவது?

பெரும்பாலான குசினிகளில் நடுக்கூரையில் ஒரு குமிழ் தொங்கும். நாம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மரக்கறி வெட்டுவோம். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால், நமது நிழல் கத்தியின் மேல். கை வெட்டுப்படுவதற்கு வேறு காரணம் வேண்டுமா? எனவே நடுவில் ஒரு பெரிய குமிழுக்குப் பதிலாக, வேலை செய்யும் பலகைக்கு மேலே, நமக்கு முன்னால் அல்லது பக்கவாட்டில் சிறிய குமிழைப் பொருத்துவது சிறந்தது.

அடுப்புக்கு நேர் மேலே குமிழ் வேண்டாம். எல்.ஈ.டி. யின் உள்ளேயுள்ள சிறு மின்சுற்று வெப்பத்தைத் தாங்காது. புகையும் ஆவியும் எண்ணெயும் படிந்து ஒளியும் மங்கிவிடும். மாதம் ஒருமுறை சுவிச்சை அணைத்து, குமிழ் ஆறிய பின் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். காற்றுப் புகாத மூடிக்குள் அடைத்தாலும் அதன் ஆயுள் குறையும்.

சுவருக்கும் வெளிச்சத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கறுத்த சுவர் ஒளியை விழுங்கிவிடும். வெள்ளைச் சுவர் திருப்பித் தரும். குசினியைத் திருத்தும்போது முதலில் சுண்ணாம்போ வெளிர்நிறப் பூச்சோ அடித்துவிட்டுப் பின்னர் குமிழின் அளவைத் தீர்மானியுங்கள். பெரும்பாலும் சிறிய குமிழே போதுமாகிவிடும். விறகடுப்புக்குப் புகைக்கூடு வைத்தால் சுவரும் காப்பாற்றப்படும், நெஞ்சும் காப்பாற்றப்படும்.

மிகவும் மலிவான விளக்கு சூரியன்தான். கூரைத் தகரங்களுள் ஒன்றுக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் தகடொன்றைப் போட்டால் பகலில் சுவிச்சே தேவையில்லை. அதையும் அடுப்புக்கு மேலே போடாமல், வேலை செய்யும் இடத்துக்கு மேலே போடவும்.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம்

லயங்களில் ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ அடுத்தடுத்த காம்பராக்களுக்கும் பரவுவதைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கின்றோம். ஒரே கூரை, ஒரே மரச்சட்டம். எனவே நமது வீட்டு வயர் நமது வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. முன் காம்பராவிலிருந்து குசினிக்கு இழுக்கும் வயர் தகரத்தின் விளிம்பில் உராயக் கூடாது. அதைக் குழாய்க்குள் விட்டே கொண்டுபோக வேண்டும். இரண்டு துண்டு வயர்களை முறுக்கிப் பேப்பரோ பொலித்தீனோ சுற்றுவது பேராபத்து. ஒரே ஹோல்டரில் விளக்கையும் மின்னழுத்தியையும் மாட்டக் கூடாது. பக்கத்துக் காம்பராவிலிருந்து களவாகவோ இரவலாகவோ இணைப்பு எடுக்க வேண்டாம். வேலையைத் தகுதியான மின்னிணைப்பாளரிடம் கொடுங்கள்.

மானிக்கு அருகில் ட்ரிப் சுவிச் இருக்கின்றதா என்று பாருங்கள். அதிலுள்ள சிறிய சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே மின்சாரம் நின்றால் அது வேலை செய்கின்றது. நிற்காவிட்டால் மாற்ற வேண்டும். ஈரக்கையோடு சுவிச்சைத் தொடும் இடம் குசினி என்பதால் இது உயிர் காக்கும் பொத்தான்.

மின்சாரம் நின்றால்?

2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் மலையகத்தைத் தாக்கியபோதும் பல இடங்கள் இருளில் மூழ்கின. மழைக்காலத்தில் மரம் முறிந்து கம்பி அறுவது மலைநாட்டில் வழமை. எனவே ஒரேயொரு விளக்கையாவது மின்கலம் உள்ள ரிச்சார்ஜ் குமிழாக வாங்குவது நல்லது. மின்சாரம் இருக்கும்போது சாதாரணக் குமிழாக எரியும். நின்றால் சில மணித்தியாலம் தானாகவே எரியும். சிறிய சூரிய ஒளி விளக்கும் உதவும். ஆனால் பனி மூடிய நாட்களில் அது முழுமையாகச் சார்ஜ் ஆகாது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். எதுவுமில்லையென்றால் ஒரு டோர்ச் லைட், எப்போதும் ஒரே ஆணியில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் தொங்கட்டும்.

அக்காவின் குசினி

இப்போது அக்காவின் குசினிச் சுவர் வெள்ளை. கூரையில் ஒளித்தகடு ஒன்று. வேலைப் பலகைக்கு மேலே 7 வோட் இளமஞ்சள் எல்.ஈ.டி. குமிழ். பின்கதவுக்கு வெளியே, மலசலகூடத்துக்குப் போகும் பாதையைப் பார்த்து 5 வோட் குமிழ் ஒன்று. முதலாவது ஐந்து மணித்தியாலமும் இரண்டாவது இரண்டு மணித்தியாலமும் எரிந்தால், இரண்டுக்கும் சேர்த்து மாதம் 1.35 அலகுதான் என்று அக்காவே கணக்குப் போட்டுச் சொன்னார். வெளிக் குமிழைப் போட வேண்டுமென்று சொன்னதும் அவரே. இருட்டில் மகளைத் துணைக்குக் கூப்பிட்டு வெளியே போன காலம் முடியட்டும் என்றார். அதைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை.

இன்னொன்றையும் அவர் கேட்டு வாங்கினார். குசினிக்கான சுவிச் உள்ளே இல்லை, முன் காம்பராவின் கதவோரம் இருக்கின்றது. இருட்டுக்குள் காலை வைக்காமல், வெளிச்சம் வந்த பின்னர் உள்ளே போகலாம். கடந்த மாதம் போனபோது, "இப்ப நெஞ்சு அடிக்குதா அக்கா?" என்று கேட்டேன். "சில நாளைக்கு அடிக்கும் மிஸ். ஆனா லைட்டைப் போட்டா குசினிதான் தெரியுது" என்றார்.

சகோதரிகளே, இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். மின்பட்டியலைக் கையில் எடுத்து எத்தனை அலகு என்று பாருங்கள். வீட்டிலுள்ள குமிழ்களை எண்ணி, ஒவ்வொன்றும் எத்தனை வோட் என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பணம் தேவையில்லை. அதிக நேரம் எரியும் ஒன்றை முதலில் மாற்றுங்கள். பெரும்பாலும் அது குசினிக் குமிழாகத்தான் இருக்கும். எந்த நிறம், எந்த இடம் என்பதை வேறு யாரும் உங்களுக்காகத் தீர்மானிக்க விடாதீர்கள். நாளும் விடியுமுன் எழுந்து அந்த வெளிச்சத்தில் நிற்பவர் நீங்கள்தான்.